யாரும் வாய் திறக்காத 18 நிமிடங்கள்: ஒரு ரக்பி அணியில் நடந்தது

நான் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஒரு ரக்பி கிளப் அணியில் ஒரே சீசனுக்குள் நடந்த விஷயம் இது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன், மற்றபடி நடந்தது நடந்தபடியே இருக்கிறது. இதில் வரும் ஸ்க்ரம் ஹாஃபிடமும் (மோதலிலிருந்து பந்தை எடுத்துச் சக ஆட்டக்காரர்களுக்கு வீசுபவர்) கேப்டனிடமும் முதலிலேயே பேசிவிட்டேன். எழுதுங்கள் என்று இருவரும் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். தவறில் பெரும்பங்கு என்னுடையது. அதை மறைத்து எழுதினால் படிக்கிற இன்னொரு பயிற்சியாளருக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது.

பின்னணி

அணியில் 26 பேர். சின்னவனுக்கு 19 வயது, மூத்தவருக்கு 36. எல்லோருக்கும் வேலையோ படிப்போ உண்டு, யாருக்கும் ரக்பியிலிருந்து சம்பளம் கிடையாது. வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, வார இறுதியில் ஆட்டம். என்னோடு ஃபார்வர்டுகளை (முன்னால் நின்று மோதிப் பந்துக்குப் போராடும் எட்டுப் பேர்) பார்த்துக்கொள்ள ஓர் உதவிப் பயிற்சியாளர் இருந்தார். முந்தைய சீசனில் பத்து அணிகளில் கடைசி இடம். எனக்கு முன்னால் இருந்தவர் ரொம்பத் தளர்வாக விட்டுவிட்டார், பசங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை என்று கிளப் நிர்வாகம் சொன்னது. அணியை ஒருநாள்கூடப் பார்க்காமலேயே நானும் அதற்குத் தலையாட்டினேன்.

ரக்பி தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தக் கதையும் இதன் மேல்தான் நிற்கிறது. 80 நிமிட ஆட்டத்தில் பயிற்சியாளர் மைதானத்துக்குள் இறங்க முடியாது. கூடைப்பந்து மாதிரி இடையில் நிறுத்தி ஆட்களைக் கூப்பிட்டுப் பேச வழி இல்லை, இடைவேளை ஒன்றுதான். நடுவரிடம் ஒரு முடிவைப் பற்றிக் கேட்க கேப்டனுக்கு மட்டுமே உரிமை. பெனால்டி கிடைத்தால் கோலுக்கு உதைத்து 3 புள்ளி எடுப்பதா, பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்து லைன்-அவுட் (ஓரத்திலிருந்து எறியும் பந்தை இரு அணியும் வரிசையாக நின்று, ஆளைத் தூக்கிப் பிடிப்பது) வாங்குவதா, ஸ்க்ரம் (இரு அணியின் ஃபார்வர்டுகளும் பிணைந்து தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) கேட்பதா என்பதை மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் அந்த 15 பேரும் சில நொடிகளில் முடிவு செய்தாக வேண்டும். ஆக, பயிற்சியாளர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும் அணிக்கு ரக்பி வராது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் நான் உருவாக்கியது அப்படிப்பட்ட அணியைத்தான்.

முதல் வாரத்தில் நானே உட்கார்ந்து 11 விதிகள் எழுதி உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டினேன். ஒருவர் தாமதமாக வந்தால் அணி முழுக்க ஓட வேண்டும். வீடியோ பார்க்கும்போது பேசக்கூடாது. இப்படிப் பதினொன்று. பத்தாவது நாளே கேப்டனையும் அறிவித்துவிட்டேன். எட்டாம் எண்ணில் ஆடுபவர், அணியிலேயே பலமான டேக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) அவருடையது, எவ்வளவு அடி வாங்கினாலும் எழுந்து நிற்பவர். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படி ஆவார்கள் என்பது என் கணக்கு. அவரிடம் தனியாகப் பேசவில்லை, மற்றவர்களிடமும் கேட்கவில்லை.

இரண்டாவது வாரம், பயிற்சி நடுவில் ஒரு பையன் கணுக்கால் வலிக்கிறது என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தான். எல்லோர் காதிலும் விழும்படி நான் சொன்னேன்: "வலிக்குதுன்னு வெளியே போறவன் அடுத்த வாரம் வர வேண்டாம்." சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

முதல் நான்கு ஆட்டங்களில் பார்த்தது

நான்கிலும் தோல்வி. அது பெரிய அதிர்ச்சி இல்லை, புதிதாகக் கூடிய அணிக்கு நேரம் பிடிக்கும். உறுத்தியது வேறு.

முதலாவது, கேள்வியே வராதது. லைன்-அவுட்டுக்குப் புதிய அழைப்புகள் சொல்லிக் கொடுத்தேன், கொஞ்சம் சிக்கலானவைதான். "புரிஞ்சுதா?" என்றால் 26 தலையும் ஆடும். வார இறுதியில் பார்த்தால் பந்து ஒரு பக்கம் போகும், ஆளைத் தூக்குவது இன்னொரு பக்கம் நடக்கும். பயிற்சியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஆட்டத்தில் எதிரணி கேட்டது.

இரண்டாவது, தாமதமாக வருபவர்கள். அணி முழுக்க ஓட வேண்டும் என்ற விதி வந்த பிறகு தாமதம் குறையவில்லை, தாமதத்தை மறைப்பதுதான் கூடியது. ஒருவன் வரும்வரை இன்னொருவன் பூட்ஸ் கயிறு அறுந்துவிட்டது என்று என்னை நிறுத்தி வைத்துப் பேசுவான். அப்போது அது எனக்குப் புரியவில்லை. இப்போது நினைத்தால் அவர்களுக்குள் ஒற்றுமை நன்றாகத்தான் இருந்திருக்கிறது, ஆனால் அது எனக்கு எதிரான ஒற்றுமையாக இருந்தது.

மூன்றாவதை உதவிப் பயிற்சியாளர்தான் காட்டினார். எதிரணி ட்ரை போட்டால் (பந்தை நம் கோல் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது), அவர்கள் கன்வெர்ஷன், அதாவது அதற்கான கூடுதல் புள்ளி உதை, உதைக்கத் தயாராகும் நேரத்தில் நம் ஆட்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் கூடி நிற்பார்கள். ஒரு நிமிடம்போலக் கிடைக்கும் அந்த நேரத்தில்தான் அணி தன்னைச் சரிசெய்துகொள்ளும். மூன்றாவது ஆட்டத்தில் அவர் ஃபோனைக் கம்பத்துக்குப் பின்னால் வேலியில் கட்டி வைத்துப் படம் பிடித்திருந்தார். சத்தமே இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை கூடுகிறார்கள். ஐந்து முறையும் கேப்டன் பேசுகிறார், பக்கத்தில் மூத்த ப்ராப் (ஸ்க்ரம்மின் முதல் வரிசையில் ஓரத்தில் நிற்பவர்) ஒருவர் விரலை நீட்டிப் பேசுகிறார், மற்ற 13 பேரும் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான்காவது தடவை ஃபுல்பேக் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். கேப்டனின் கை மேலே போகிறது, ஃபுல்பேக் வாயை மூடிக்கொண்டு ஜெர்சியால் முகத்தைத் துடைக்கிறார். மூன்று நொடிதான் இருக்கும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முழு மைதானத்தையும் பார்க்கும் இடத்தில் நிற்பவர் ஃபுல்பேக். எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இதைப் பார்த்த பிறகாவது ஏதாவது செய்திருக்கலாம். ஒரு வெற்றி வந்தால் எல்லாம் சரியாகும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது ஆட்டம்

52வது நிமிடம். எங்கள் ஸ்க்ரம் ஹாஃப், 21 வயதுப் பையன், தன்னைவிட மிகப் பெரிய ஓர் ஆளை டேக்கிள் செய்யப் போனான். தலை தவறான பக்கம் மாட்டியது, எதிராளியின் இடுப்பு எலும்பில் மோதியது. விழுந்தவன் உடனே எழுந்துவிட்டான். நான் நின்ற இடத்திலிருந்து பார்க்க அது சாதாரண டேக்கிள் மாதிரிதான் இருந்தது. கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) என்றால் ஆள் மயங்கி விழ வேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலான கன்கஷன்களில் மயக்கமே வராது.

அடுத்த 18 நிமிடம் அவன் ஆடினான். வீடியோவில் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. 55வது நிமிடத்தில் ரக்கிலிருந்து (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் தள்ளிக்கொள்ளும் கூட்டம்) பந்தை எடுத்து ஆளே இல்லாத பக்கம் வீசுகிறான். 58ல் லைன்-அவுட் அழைப்பை ஃப்ளாங்கரிடம் (ஃபார்வர்டுகளில் ஒருவர்) கேட்கிறான், அவர் சொல்கிறார், சில நொடிகளில் மறுபடி கேட்கிறான். ஃப்ளாங்கர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், அப்புறம் திரும்பி என்னைப் பார்க்கிறார், தலையைக் குனிந்துகொண்டு போய் வரிசையில் நிற்கிறார். 63ல் இன்னொரு டேக்கிளுக்குப் போகிறான். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது, ஏனென்றால் முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடிதான் மிகவும் ஆபத்தானது. நல்ல வேளை, எதிராளி விலகிப் போய்விட்டார். 70வது நிமிடத்தில் அவன் எதிரணியின் வரிசையில் போய் நின்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே எடுத்தோம். கன்கஷன் என்று மருத்துவர் உறுதி செய்தார்.

ரக்பியில் இதற்கு விதி தெளிவாகவே இருக்கிறது. தலையில் அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆளை வெளியே எடுத்துவிட வேண்டும், அன்று மறுபடி உள்ளே விடக்கூடாது. தொழில்முறை ஆட்டங்களில் தற்காலிகமாக வெளியே எடுத்துப் பரிசோதித்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது, அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். எங்களைப் போன்ற அணிகளுக்கு அது கிடையாது. சந்தேகம் வந்தால் வெளியே, அவ்வளவுதான். எல்லோருக்கும் இது தெரியும், சீசனுக்கு முன்னால் வகுப்பு எடுத்திருந்தேன்.

அன்று மாலை ஃப்ளாங்கரைத் தனியாகக் கூப்பிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் பிறகு சொன்னார்: "சொன்னா அவன் இடம் போயிடும் கோச். சொன்னவன் பேரும் கெட்டுப் போயிடும். வலிக்குதுன்னு வெளியே போறவன் வர வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் கணுக்காலைப் பற்றிச் சொன்னேன், தலையைப் பற்றிச் சொல்லவில்லை என்று பதில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த ஃப்ளாங்கருக்குக் கணுக்காலும் தலையும் ஒன்றுதான், வாக்கியம் ஒன்றுதான்.

அடுத்த பத்து நாட்கள்

முதலில் செய்தது, அடுத்த பயிற்சியில் எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றது. என்ன சொன்னேன், எப்போது சொன்னேன், அதனால் என்ன நடந்தது என்று மூன்றையும் சொல்லி, அது தவறு என்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டதும் காற்று லேசாகும் என்று எதிர்பார்த்தது என் பேராசை.

பிறகு 26 பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன், ஆளுக்குக் கால் மணி நேரம். சிலரோடு மைதானத்தைச் சுற்றி நடந்தேன், சிலரோடு வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று பேசினேன், நாற்காலி போட்டு எதிரெதிரே உட்காரவில்லை. மூன்றே கேள்விகள். ஆட்டத்தில் நீ பார்த்தும் சொல்லாமல் விட்டது எது? யாரிடம் சொல்லியிருப்பாய்? ஏன் சொல்லவில்லை? கையில் நோட்டு வைத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போன பிறகுதான் எழுதினேன்.

வந்த பதில்கள் என்னைத் தூங்கவிடவில்லை. அன்று ஸ்க்ரம் ஹாஃபிடம் ஏதோ சரியில்லை என்று ஏழு பேர் கவனித்திருக்கிறார்கள். ஏழு பேர்! ஒவ்வொருவரும் வேறு யாராவது சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். யாரிடம் சொல்லியிருப்பாய் என்ற கேள்விக்கு கேப்டன் பெயரைச் சொன்னவர்கள் மூன்று பேர், என் பெயரைச் சொன்னவர் ஒருவர். பத்துப் பேருக்கு மேல் சொன்னது ஹூக்கரின் (ஸ்க்ரம்மின் முதல் வரிசையில் நடுவில் நிற்பவர்) பெயரை. அவர் பேசியே நான் கேட்டதில்லை. 31 வயது, அமைதியான ஆள், பயிற்சி முடிந்ததும் புதிதாக வந்த பையன்களுக்கு வண்டியில் இடம் கொடுத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவாராம். அணிக்குள் ஏற்கெனவே ஒரு தலைவர் இருந்திருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

கேப்டனை மாற்றச் சொல்லி நிர்வாகத்திலிருந்து அழுத்தம் வந்தது. நான் மறுத்தேன். அவர் செய்ததெல்லாம் நான் கேட்டதைத்தான், முரட்டுத்தனத்துக்காகவே தேர்ந்தெடுத்துவிட்டு முரடன் என்று நீக்கினால், பழியை எந்தத் தலையில் கட்டலாம் என்று எல்லோருக்கும் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகும். அதற்குப் பதிலாகப் பொறுப்பைப் பிரித்தோம். ஐந்து பேர் கொண்ட குழு. கேப்டனுக்கு நடுவரிடம் பேசுவதும் கடைசி முடிவும். லைன்-அவுட் அழைப்பு லாக்குக்கு (லைன்-அவுட்டில் பந்துக்குத் தாவும் உயரமான ஃபார்வர்டு). தற்காப்பு வரிசை ஃபுல்பேக்குக்கு, கம்பத்துக்குப் பின்னால் கூடும்போது முதல் பேச்சு அவருடையது. தாக்குதல் ஃப்ளை ஹாஃபுக்கு (ஸ்க்ரம் ஹாஃபிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்). ஆட்களின் உடல்நிலை ஹூக்கர் பொறுப்பு.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நியூஸிலாந்தின் தேசிய அணியான ஆல் பிளாக்ஸ் 2004ல் மோசமாக ஆடிய பிறகு பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியும் அவரோடு இருந்தவர்களும் மூத்த வீரர்களைக் கொண்ட தலைமைக் குழுவை அமைத்தார்கள். அதன் பிறகும் 2007 உலகக் கோப்பை காலிறுதியில் ஃபிரான்ஸிடம் 18-20 என்று தோற்றார்கள், 2011ல்தான் அதே ஃபிரான்ஸை 8-7 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். இந்த ஏழு வருடக் கணக்கை நான் நிர்வாகத்திடம் சொல்லிக் காட்டினேன், ஒரு மாதத்தில் பலன் கேட்காதீர்கள் என்பதற்காக.

அடுத்து கை சைகை. மைதானத்தில் யாராக இருந்தாலும், சக ஆட்டக்காரரின் தலையைப் பற்றிச் சந்தேகம் வந்தால், மூடிய கையைத் தன் தலை மேல் வைத்துக் காட்டினால் போதும். அந்த ஆள் வெளியே வருவார். ஏன், எதற்கு என்று அன்று யாரும் கேட்கக்கூடாது, நானும் கேட்க மாட்டேன். சொன்னவர் பெயரை மறைத்து வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று ஹூக்கர் சொன்னார், ஒளிந்து சொன்னால் அது கோள் சொல்வதாகிவிடும், எல்லோருக்கும் தெரியச் சொன்னால்தான் காப்பாற்றுவதாகும் என்றார். எனக்குத் தோன்றியிருக்காது அது.

சுவரிலிருந்த 11 விதிகளையும் கிழித்தோம். வயதும் ஆடும் இடமும் கலந்த சிறு குழுக்களாக அவர்களே பேசி எழுதினார்கள். 2003ல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் பயிற்சியாளர் கிளைவ் உட்வர்டும் விதிகளை வீரர்களையே பேசி முடிவு செய்ய வைத்தார். எங்களிடம் கடைசியில் நின்றவை நான்கு. தண்டனை ஓட்டம் போய்விட்டது. தாமதமானால் அணியின் ஃபோன் குழுவில் முன்கூட்டியே செய்தி போட வேண்டும், வந்ததும் தன் ஜோடியிடம் காரணம் சொல்லிவிட்டு வார்ம் அப்பில் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முன்னால் நான் கொடுத்துக்கொண்டிருந்த ஆவேசப் பேச்சையும் நிறுத்தினேன். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது, நன்றாகப் பேசுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. கடைசிப் பத்து நிமிடம் உடை மாற்றும் அறை அவர்களுடையது, நான் வெளியே நிற்பேன்.

சரியாக வராதவை

கேப்டன் இதைப் பதவியிறக்கமாகவே எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் பயிற்சிக்கு வரவில்லை, ஃபோனும் எடுக்கவில்லை. அவரிடம் முதலில் தனியாகப் பேசிவிட்டுக் குழுவை அறிவித்திருக்க வேண்டும். 26 பேரோடு ஒருவராகத்தான் அவரிடம் பேசியிருந்தேன், அதே கால் மணி நேரம். பிறகு அவர் வீட்டுக்கே போனேன். இரண்டு மணி நேரம் பேசினோம். கேப்டன் ஆனதிலிருந்து ஆட்டத்துக்கு முந்தைய இரவு தூக்கமே வருவதில்லை என்றார். எதற்கும் அஞ்சாத ஆள் என்று நான் தேர்ந்தெடுத்தவர் மூன்று மாதமாகத் தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார், அதை யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில் நான் அவரை வைத்திருந்தேன்.

லாக்கும் சரிப்படவில்லை. நன்றாக ஆடுவார், ஆனால் அழைப்பைச் சொல்லும் பொறுப்பு அவர் ஆட்டத்தையே கெடுத்தது. மூன்று ஆட்டம் பார்த்துவிட்டு, அவரே கேட்டுக்கொண்டதால், ஒரு ஃப்ளாங்கரிடம் கொடுத்தோம். அன்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து போனாரே, அவரிடம்தான்.

மூத்த ப்ராப் இதெல்லாம் ஆட்களை மென்மையாக்கும் வேலை என்று சொல்லிவிட்டு நடு சீசனில் விலகிப் போனார். அவரைத் தடுக்க நான் போதுமான அளவு முயலவில்லை. ஸ்க்ரம்மில் அவர் இல்லாத குறையைக் கடைசிவரை அனுபவித்தோம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் கற்றுக்கொடுத்தது. ஆல் பிளாக்ஸில் ஆட்டம் முடிந்ததும் மூத்த வீரர்களே உடை மாற்றும் அறையைப் பெருக்குவார்கள் என்பது ரக்பி உலகம் முழுக்கத் தெரிந்த வழக்கம். நானும் அதைக் கொண்டுவந்தேன், மூத்தவர்கள்தான் இனி டேக்கிள் பைகளையும் பந்துகளையும் எடுத்து வைக்க வேண்டும் என்று. இரண்டே வாரத்தில் படுத்துவிட்டது. மூத்தவர்கள் கடமைக்குச் செய்தார்கள், சின்னப் பையன்கள் சங்கடப்பட்டு ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கினார்கள். இன்னொரு அணியில் பல வருடம் ஊறி வந்த வழக்கத்தை நான் பன்னிரண்டாவது விதியாக ஒட்டியிருந்தேன். விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு மாலை, பயிற்சி முடிந்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். சாவி எடுக்கத் திரும்பி வந்தேன். கேப்டன் நனைந்த டேக்கிள் பை ஒன்றைத் தோளில் சாய்த்துச் சேற்றில் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார். மறுமுனையைப் பிடித்திருந்தது ஸ்க்ரம் ஹாஃப். அவனுக்கு இன்னும் ஆட மருத்துவர் அனுமதி தரவில்லை, சும்மா பார்க்க வந்திருந்தான். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. நானும் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஒன்பதாவது ஆட்டம்

74வது நிமிடம், 2 புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரணியின் பாதியில் பெனால்டி கிடைத்தது. கோலுக்கு உதைத்தால் 3 புள்ளி, முன்னிலை. கொஞ்சம் ஓரம்தான், ஆனால் போகக்கூடிய தூரம். நான் ஓரத்தில் நின்று "கோல், கோல்" என்று கத்தினேன். கேப்டன் என்னைப் பார்த்தார், திரும்பி ஃப்ளை ஹாஃபிடம் ஏதோ கேட்டார், ஹூக்கரிடம் கேட்டார், நடுவரிடம் போய் எல்லைக்கோட்டுக்கு அடிக்கப்போவதாகச் சொன்னார். எதிரணியின் கோல் கோட்டிலிருந்து ஐந்து மீட்டர் தூரத்தில் லைன்-அவுட். பந்து சுத்தமாகக் கிடைத்தது, மால் கட்டி (பந்து வைத்திருப்பவரைச் சுற்றிப் பிணைந்து தள்ளி) முன்னேறினார்கள், கோட்டுக்கு முன்னால் மால் நின்றுபோனது, பந்து வெளியே வரவில்லை, ஸ்க்ரம் எதிரணிக்குப் போனது. 2 புள்ளியில் தோற்றோம்.

2015 உலகக் கோப்பையில் ஜப்பான் இதே மாதிரி ஓர் இடத்தில் நின்றது. பிரைட்டனில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 29-32, கடைசி நிமிடங்கள், உதைத்தால் சமன். பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் உதைக்கத்தான் சொன்னார். கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார், ட்ரை விழுந்தது, 34-32. எல்லோரும் அந்த வெற்றியைப் பேசுகிறோம். அந்த ட்ரை விழாமல் போயிருந்தால் அடுத்த நாள் அந்தக் கேப்டனிடம் எப்படிப் பேசியிருப்பார்கள்? எங்களுக்கு ட்ரை விழவில்லை, ஆகவே அந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது.

ஆட்டம் முடிந்ததும் ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஃப்ளை ஹாஃபுக்குத் தொடை பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவு தூரம் உதைக்க முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். எதிரணியின் ஃபார்வர்டுகள் இரண்டு பேர் கையை முழங்காலில் ஊன்றி நிற்பதை ஹூக்கர் பார்த்திருக்கிறார். எனக்கு இரண்டுமே தெரியாது. சரியான முடிவு என்று அணி முன்னால் சொன்னேன், மனதாரச் சொன்னேன். அன்றைய கூட்டத்தில்தான் சீசனிலேயே முதல்முறையாக ஒரு 19 வயதுப் பையன் கை உயர்த்தி, மால் நின்றதற்குத் தன் பிடி தளர்ந்தது காரணம் என்றான். இரண்டு பேர் அவன் தோளில் தட்டினார்கள், மற்றவர்கள் பிடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பதினோராவது ஆட்டம்

61வது நிமிடம். அதே 19 வயதுப் பையன், ரக்கிலிருந்து எழுந்து நின்று, மூடிய கையைத் தலை மேல் வைத்தான். இன்னொரு கையால் காட்டியது கேப்டனை.

கேப்டன் எனக்கு ஒன்றுமில்லை என்று கத்தினார். முன்னால் நடந்து போனார். எல்லோரும் அப்படியே நின்றார்கள். பையன் கையை இறக்கவில்லை, கை நடுங்கியது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஹூக்கர் கேப்டன் பக்கத்தில் போய்த் தோளில் கை போட்டார், காதில் ஏதோ சொன்னார். கேப்டன் மவுத்கார்டைக் கழற்றினார், பையன் பக்கத்தில் வந்து அவன் தலையை ஒருமுறை தொட்டுவிட்டு வெளியே நடந்தார்.

மருத்துவர் கன்கஷன் என்றார். அந்த ஆட்டத்தில் கேப்டன் இல்லாமல் கடைசி 19 நிமிடத்தை ஓட்டி 3 புள்ளியில் வென்றோம், ஆனால் தோற்றிருந்தாலும் இதே அளவுதான் எழுதியிருப்பேன்.

சீசன் முடிவில்

14 ஆட்டங்களில் ஐந்து வெற்றி, பத்து அணிகளில் ஏழாவது இடம். சீசன் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்துக்கு 14, 15 பெனால்டி கொடுத்துக்கொண்டிருந்தோம், கடைசியில் ஒன்பது, பத்துக்கு வந்தது. அதற்குப் பாதிக் காரணம் கேப்டன் நடுவரிடம் பேசும் விதம் மாறியது. தர்க்கம் செய்வதை விட்டுவிட்டு, "எந்த ஆள், என்ன தப்பு, சொல்லுங்கள், நான் சரி செய்கிறேன்" என்று கேட்க ஆரம்பித்தார். கை சைகை மொத்தம் நான்கு தடவை வந்தது. இரண்டில் கன்கஷன் இருந்தது, இரண்டில் இல்லை. அந்த இரண்டிலும் வெளியே வந்தவர்கள் முகம் சுளித்தார்கள், ஆனால் காட்டியவரிடம் யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஸ்க்ரம் ஹாஃப் படிப்படியாகப் பயிற்சிக்குத் திரும்பி, மருத்துவர் அனுமதியோடு கடைசி மூன்று ஆட்டம் ஆடினான்.

மறுபடி செய்தால்

அந்த 26 உரையாடல்களையும் முதல் பந்தைத் தொடுவதற்கு முன்னால் செய்வேன். கேப்டனை ஆறு வாரமாவது கழித்துத்தான் அறிவிப்பேன், அதற்குள் பையன்கள் யாரிடம் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அறிவிக்கும் முன் அந்த ஆளோடு உட்கார்ந்து, இது உங்களுக்கு வேண்டுமா என்று கேட்பேன்.

கை சைகையை வைத்துக்கொள்வேன், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டேன். 19 வயதுப் பையன் ஒருவனின் துணிச்சல் மேல் இன்னொருவரின் தலையை வைப்பது நியாயமில்லை. ஆட்டத்தின் முடிவில் எந்த அக்கறையும் இல்லாத, முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர் ஓரத்தில் நின்று, என்னைக் கேட்காமலேயே ஆளை வெளியே எடுக்கும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும். இதை அடுத்த சீசனுக்கு நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்து வாங்கினேன்.

மூத்த ப்ராப்போடு இன்னும் பேசவில்லை. அவர் கேட்ட கேள்வியில் ஒரு பகுதி நியாயமானது: வலியைத் தாங்குவது எது, காயத்தை மறைப்பது எது என்று மைதானத்தில் பையன்களுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது? தலைக்கு எங்களிடம் பதில் இருக்கிறது. தோளுக்கும் முழங்காலுக்கும் இன்னும் சரியான பதில் இல்லை. ஹூக்கரும் உதவிப் பயிற்சியாளரும் அதற்காக ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், சீசன் தொடங்குவதற்கு முன் அந்த ப்ராப்பிடமும் காட்டி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்கப்போகிறோம்.